மலையிலிருந்து முனை வரை: குமரி மாவட்டத்தில் தண்ணீரின் வழியே

வியாழன் – ஆரல்வாய்மொழி, தோவாளை

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சூரிய உதயம் பார்க்கிறார்கள், ஒரு படகு ஏறுகிறார்கள், சங்கு மாலை வாங்கிக்கொண்டு மதியமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். மாவட்டத்தின் மற்ற பகுதிகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மொத்தப் பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் மழைக்காடு, ரப்பர் தோட்டம், நெல்வயல், தாமரைக்குளம், செம்மண் மேடு, கரிய மணல் எல்லாம் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. அதனால் இந்த முறை முனையைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, மலையில் தொடங்கித் தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று வந்திருக்கிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எந்த ஊரில் இறங்கினாலும் ஆறு எங்கே, வாய்க்கால் எங்கே என்றுதான் முதலில் கண் தேடும்.

நேற்று மாலை ரயில் வள்ளியூரைத் தாண்டியபோது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை பொட்டல் காடு, உடைமரம், பனை. மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. காவல்கிணறு தாண்டியதும் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளின் இடைவெளிக்குள் ரயில் நுழைந்து வெளியே வந்தபோது வெளிக்காட்சியே மாறிவிட்டது. வாழை, தென்னை, நீர் நிறைந்த குளங்கள், நடுவே நெல். சில நிமிடப் பயணத்தில் இவ்வளவு வேறுபாட்டைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் கண்டதில்லை. கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் திருநெல்வேலிச் சீமைக்குத் தென்மேற்குப் பருவமழை அரிதாகத்தான் எட்டுகிறது. குமரிக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தென்மேற்குக் காற்று இந்த இடைவெளிக்குள் புகுந்து வேகம் எடுப்பதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். இது ஜனவரி. பல காற்றாலைகள் மெதுவாகவே சுழன்றுகொண்டிருந்தன.

நாகர்கோவிலில் அக்கா வீட்டில் தங்கல். இன்று விடிவதற்கு முன்பே அத்தான் எழுப்பிவிட்டார். தோவாளைப் பூச்சந்தையை இருட்டிலேயே போய்ப் பார்த்தால்தான் அது சந்தை, வெயில் ஏறிய பிறகு போனால் காலி மூட்டைகள்தான் கிடக்கும் என்றார். உண்மைதான். நாங்கள் போனபோது விளக்கு வெளிச்சத்தில் வாடாமல்லி குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் பிச்சி, மல்லிகை, சம்பங்கி, கேந்தி, அரளி. மூட்டைகள் வந்து இறங்கிய வேகத்திலேயே கேரளத்துக்குப் போகும் வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன. ஓணத்தின்போது அத்தப்பூக் கோலத்துக்கு இங்கிருந்துதான் பெரும்பகுதி பூ போகிறது. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "மக்களே, சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதே, கையில் அள்ளிப் பார்" என்று இரண்டு கை நிறையப் பிச்சி மொட்டை அள்ளிக் கொடுத்தார். மொட்டுகள் குளிர்ந்திருந்தன, காம்பில் இன்னும் ஈரம் இருந்தது. காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

வெள்ளி – பேச்சிப்பாறை, திற்பரப்பு

இன்றிலிருந்து அக்கா மகள் துணைக்கு வருகிறாள். கல்லூரியில் சிவில் படிக்கிறாள். நாளை மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் காட்டுவதற்காக இப்போதிருந்தே என்னைத் தயார்செய்துகொண்டிருக்கிறாள்.

தக்கலை வழியாகக் குலசேகரம், அங்கிருந்து பேச்சிப்பாறை பஸ். குலசேகரம் தாண்டியதும் இருபுறமும் ரப்பர். ஜனவரியில் ரப்பர் இலை பழுத்துச் சிவந்து உதிரும். தோட்டம் முழுக்கச் செம்பு நிறம், தரையில் சருகு மெத்தை, வெயில் தடையில்லாமல் உள்ளே வருகிறது. சாலையோரத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் நாங்கள் நின்று பார்ப்பதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏற்கெனவே இருந்த வெட்டின் கீழ் விளிம்பில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. தாள் கனத்தில் ஒரு பட்டைச் சுருள் கீழே விழுந்தது. வெட்டிய இடம் ஒரு நொடி ஈரமாக இருந்தது. பிறகு வெள்ளைப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து, சாய்வில் ஓடி, தகர மூக்கின் வழியே சிரட்டையில் சொட்டத் தொடங்கின. ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது என்றார். இருட்டிலேயே வந்து விடிவதற்குள் வெட்டை முடிப்பதுதான் வழக்கம், இன்று பனி அதிகமாக இருந்ததால் தாமதம் என்றும் சொன்னார். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்தப் பக்கம் எத்தனை ரப்பரும் வாழையும் சாய்ந்தன என்று பேச்சு வந்தது. அந்தப் புயலைப் பற்றிக் குமரியில் யாரிடம் பேசினாலும் மரத்தில் தொடங்கி, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களில் வந்து முடிகிறது.

பேச்சிப்பாறை அணையை 1897இல் தொடங்கி 1906இல் முடித்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். மக்கள் அவரை மூக்கன் துரை என்று அழைத்தார்கள். 1913இல் இறந்தவரை இங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். கட்டியவர் தான் கட்டிய அணையின் அருகிலேயே கிடப்பது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. மேட்டூரின் 120 அடியைத் தினம் பத்திரிகையில் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த எண் சிறியதுதான். ஆனால் கரையில் நின்று பார்க்கும்போது எண் நினைவுக்கு வரவே இல்லை. நீர்ப்பரப்பு மலையின் மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து கிடக்கிறது. ஒரு மடிப்பின் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் காடு. கோதையாறு அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. அக்கரையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு இந்த அணை நீரைப் படகில் கடப்பது தினசரி வேலை. மலைக்கு மேலே உள்ள காடு 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இரண்டு சிற்றாறு அணைகள் என நான்கையும் சேர்த்துத்தான் கோதையாற்றுப் பாசனம். வழக்கமாக ஜூன் மாதத்தில் திறந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் ஊரில் குறுவை, சம்பா என்பதுபோல் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ. இப்போது வயலில் நிற்பது கும்பப்பூ.

மதியம் திற்பரப்பு. ஐம்பது அடி உயரத்திலிருந்து கோதையாறு அகலமான பாறையின் மேல் விரிந்து விழுகிறது. அருவிக்கு மேலே கொஞ்ச தூரம் ஆற்றின் படுகையே ஒரே பாறைதான். மணலும் இல்லை, சேறும் இல்லை. நடுவே ஒரு தடுப்பணை. அதில் தேங்கும் நீரை இரு பக்கமும் வயலுக்குத் திருப்பிவிட்டு மிச்சத்தை அருவிக்கு விடுகிறார்கள். தடுப்பணைக்கு மேலே படகு விடுகிறார்கள். அருவியில் நிற்பதைவிட அங்கே தென்னை நிழலில் படகில் போவது எனக்கு அதிகம் பிடித்தது. குற்றாலம்போல் தலையில் அடிக்கும் வேகம் இங்கே இல்லை. குழந்தைகளோடு பயமில்லாமல் நிற்கலாம். கரையில் மகாதேவர் கோவில், ஆற்றின் ஓசை கேட்கும் தூரத்திலேயே.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். குளித்துவிட்டுப் போகிறவர்கள் ஷாம்பு உறைகளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் நின்ற இடத்தில் மட்டும் ஒரு பை நிறையப் பொறுக்கினோம். இந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். தயவுசெய்து சோப்பும் ஷாம்பும் இல்லாமல் வாருங்கள்.

சனி – மாத்தூர், திருவட்டாறு, சிதறால்

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத்தான் சொல்வேன்.

ஒரு குன்றில் வாய்க்கால் வருகிறது. எதிரே இன்னொரு குன்று. நடுவே பள்ளம், பள்ளத்தின் அடியில் பறளியாறு. வாய்க்கால் நீர் எதிர்க் குன்றுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கல்குளம், விளவங்கோடு நிலங்களுக்கு வேறு வழியில் பாய்ச்ச முடியாது. பள்ளத்தில் இறக்கிவிட்டால் தண்ணீர் ஆற்றோடு கலந்து போய்விடும், மேலே ஏறாது. அதனால் குன்றுக்குக் குன்று காற்றிலேயே ஒரு தொட்டியைக் கட்டி, வாய்க்காலை அதன் வழியே கொண்டுபோய்விட்டார்கள். காமராஜர் காலத்தில் தொடங்கிய இந்தப் பணி 1966இல் முடிந்தது. 28 தூண்கள், மிக உயரமான இடத்தில் 115 அடி, தொட்டியின் ஆழம் ஏழு அடி. மேலே ஓடுவது பட்டணங்கால் கால்வாய்.

எண்களைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் நடுப்பாலத்தில் நின்றபோது என் நிலை வேறாக இருந்தது. ஒரு பக்கம் நடப்பதற்குக் கான்கிரீட் பலகை பரப்பியிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் கீழே பார்த்தால் தென்னை மரங்களின் உச்சி தெரிகிறது. தென்னையை மேலிருந்து பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மட்டைகள் நட்சத்திரமாக விரிந்து, நடுவில் இளங்குருத்து. அதற்கும் கீழே ஆறு, ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள். ஓசை எதுவும் மேலே எட்டவில்லை. பலகையின் மறுபக்கம் திரும்பினால் இதே உயரத்தில், காலுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு நீரோட்டம். நுரை இல்லை, சத்தம் இல்லை. ஒரு சருகை எடுத்துப் போட்டேன். நான் நடக்கும் வேகத்துக்கு அது என்னோடு வந்தது. கடைசித் தூண் வரை அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"சித்தி, இது சமதளமாகத் தெரிகிறது, ஆனால் இல்லை" என்றாள் அக்கா மகள். "அந்த முனையைவிட இந்த முனை கொஞ்சம் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாத சரிவு. கூடுதலாகச் சரித்திருந்தால் போய்ச் சேருகிற இடத்தில் உயரம் குறைந்து வயலுக்குப் பாயாது. குறைத்திருந்தால் தண்ணீர் நின்றுவிடும்." மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. சரிவு ஒன்றை மட்டும் நம்பி இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தஞ்சாவூரில் நிலமே தட்டை. கரிகாலன் கல்லணையிலிருந்து கடைமடை வரை தண்ணீர் தானாகப் பரவும். எங்கள் சண்டையெல்லாம் அதைப் பங்கிடுவதில்தான். இங்கே நிலம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிறது, ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீரைக் கொண்டுபோக யாரோ யோசித்திருக்கிறார்கள். அதை எதிர்க்கரையில் வாய்க்கால் மறுபடி மண்ணில் இறங்கி, வாழைத் தோட்டத்துக்குள் சாதாரண வாய்க்காலாக ஓடுவதைப் பார்த்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். அங்கே ஒரு பெரியவர் மடையில் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். தன் அப்பா காலத்தில் இந்த இடத்தில் மரச்சீனி (மரவள்ளி) தவிர வேறெதுவும் வராது என்றார். இப்போது ஏத்தன் வாழை குலை தள்ளி நின்றது.

படிக்கட்டு வழியாக ஆற்றுக்கு இறங்கிக் கீழிருந்தும் பாருங்கள். மேலே மட்டும் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தூண்களின் அழகைத் தவறவிடுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். வயதானவர்கள் மேல் பாதையில் நடப்பதே போதும்.

அங்கிருந்து திருவட்டாறு பக்கம்தான். கோதையாறும் பறளியாறும் ஊரை வளைத்து வருவதால் ஊருக்கு அந்தப் பெயர். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். கல்லில் செதுக்காமல் மண், மூலிகை முதலியவற்றைக் கலந்து செய்த கடுசர்க்கரைப் படிமம் என்பதால் அபிஷேகம் கிடையாது. மூன்று வாசல்கள் வழியாக முகம், நடு உடல், பாதம் என்று தனித்தனியாகத்தான் பார்க்க முடியும். 2022 ஜூலை 6ஆம் தேதி இங்கே குடமுழுக்கு நடந்தது, 418 ஆண்டுகளுக்குப் பிறகு. இரண்டு ஆறுகளும் மூவாற்றுமுகத்தில் சேருகின்றன. அதற்குப் பிறகு ஆற்றின் பெயர் தாமிரபரணி. நெல்லைத் தாமிரபரணியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் குழித்துறைத் தாமிரபரணி என்று சொல்கிறார்கள்.

மாலையில் சிதறால். குன்றின் மேல் இயற்கையாகவே ஒரு பெரும்பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்த நிழலில்தான் சமணத் துறவிகள் தங்கினார்கள். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், பத்மாவதி இயக்கியும் இருக்கிறாள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு; அது 9ஆம் நூற்றாண்டு. பிற்காலத்தில் இது பகவதி கோவிலாகிவிட்டது. மேலே பாறையின் முதுகில் உட்கார்ந்தால் மேற்கே கண் எட்டும் வரை தென்னையும் ரப்பரும், நடுவே தாமிரபரணி வளைந்து போவதும் தெரிகின்றன. காலையிலிருந்து பார்த்த தண்ணீரெல்லாம் அந்த வளைவில்தான் போய்க்கொண்டிருந்தது.

தூரத்தில் ஒரு குன்று பாதியாக நறுக்கப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. கல்லுக்காக வெட்டியது. இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட குன்றுகள் பல. மழையை நிறுத்திவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவது குன்றுகள்தான். அவை போனால் தொட்டிப்பாலத்தில் விடுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஞாயிறு – தேங்காய்ப்பட்டணம் முதல் முட்டம் வரை

இன்று ஆறு கடலில் சேரும் இடம். தேங்காய்ப்பட்டணத்தில் தாமிரபரணி அவசரமே இல்லாமல் அகன்று, மணல்திட்டைச் சுற்றிப் போய்க் கலக்கிறது. ஆற்றுநீர் பச்சை, கடல் நீலம். இரண்டும் சேரும் கோடு தெளிவாகத் தெரிந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறு ஓய்வு, படகுகள் கட்டிக் கிடந்தன.

கடற்கரைச் சாலையில் வரும்போது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் துண்டுகள் தென்பட்டன. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860இல் வெட்டத் தொடங்கியது இது. இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரையும் குப்பையுமாகத் தூர்ந்து கிடக்கிறது. தூர்ந்த வாய்க்காலைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறாது.

குளச்சலில் வெற்றித்தூணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தோம். 1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை இங்கே தோற்கடித்தது.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இடையிடையே மஞ்சள் மினுக்கும் மோனசைட். மலைப்பாறை தேய்ந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததைக் கடல் அலை புடைத்துக் கனமானதை மட்டும் கரையில் விட்டுவைத்திருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது, மோனசைட்டில் தோரியம் உண்டு. கயிற்றில் ஒட்டிய மணலுக்காகக் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். இன்று அணுசக்தித் துறையின் கீழ் உள்ள நிறுவனம் இங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. மணல் எடுப்பதைப் பற்றிக் கரையோர ஊர்களில் எதிர்ப்பும் அச்சமும் உண்டு. பேசியவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

முட்டத்தில் அஸ்தமனம். பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்க, பின்னால் செம்மண் மேடு மழையில் அரித்துப் பிளவுபட்டிருக்கிறது. மாலை வெயில் விழுந்ததும் அந்த மேடு முழுக்கச் சிவந்தது. பாறைகள் வழுக்கும், அலை சொல்லாமல் ஏறும். நனைந்த பாறையில் கால் வைக்காதீர்கள்.

இரவு அக்கா கையால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். பிறகு மட்டிப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், தேன் மணம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த ஊரை விட்டு வெளியே அதை நான் பார்த்ததில்லை.

திங்கள் – மருந்துவாழ்மலை, தேரூர், மணக்குடி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் குன்றுகளில் ஒன்று மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க் கதை. இருட்டோடு ஏறத் தொடங்கினோம். பாதிவரை படிகள், பிறகு பாறைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வழியில் பிள்ளைத்தடம் குகை. நாராயணகுரு தவமிருந்த இடம். குகைக்குள் ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருந்ததால் உள்ளே போகாமல் மேலே நடந்தோம்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. தெற்கே முனையும் கடலும், கிழக்கே காற்றாலைகள், மேற்கே மணக்குடிக் காயல், வடக்கே தொடரும் மலை. நடுவில் எண்ண முடியாத குளங்கள், ஒவ்வொன்றிலும் உதயத்தின் வெளிச்சம். நாஞ்சில் நாட்டின் நெல்லுக்கு அடிப்படை எது என்று இங்கே நின்றால் யாரும் விளக்க வேண்டாம். உதயம் பார்க்க முனையில் கூட்டத்தில் இடிபடுகிறவர்கள் ஒரு நாள் இங்கே ஏறலாம். தண்ணீரும் நல்ல செருப்பும் எடுத்து வாருங்கள். குரங்குகள் இருக்கின்றன, பையை மூடி வையுங்கள்.

இறங்கி வந்து தேரூர்க் குளம். சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும், பக்கத்து வேம்பனூரும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. தேரூர், சுசீந்திரம் சேர்ந்து சுமார் 94 ஹெக்டேர். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பறவைகள் வரும் காலம் இது. சங்குவளை நாரைகள் வரிசையாக நின்றன, கூழைக்கடாக்கள் நடுநீரில் மிதந்தன, அரிவாள்மூக்கன்கள் சேற்றைக் கிளறின. என் கண் போனதெல்லாம் ஓர் இலைக்கோழியின் மேல்தான். தாமரை இலையில் நடந்துகொண்டிருந்தது. விரல்கள் அதன் உடம்புக்குப் பொருந்தாத நீளம். ஒவ்வொரு அடியிலும் விரல்களை அகல விரித்து வைத்தது, இலை விளிம்பு நீரில் தாழ்ந்தது, இலை மூழ்குவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டது. இலையின் ஓரத்தை அலகால் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த எதையோ கொத்தியது. அரை மணி நேரம் நின்றிருப்போம். எங்கள் பின்னால் சாலையில் லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டே போயின, அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

குளத்தோரம் கொட்டியிருந்த கட்டட இடிபாடுகளையும் பார்த்தோம். ராம்சர் பலகைக்கு எதிரிலேயே குளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்குகிறார்கள். இதைக் கேட்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் ஆறுதல்.

பழையாறு நாகர்கோவிலின் கழிவையும் வாங்கிக்கொண்டு, சுசீந்திரத்தைத் தாண்டி, மணக்குடியில் கடலைச் சேருகிறது. ஆற்றின் ஒரு கரை மேலமணக்குடி, மறு கரை கீழமணக்குடி. 2004 டிசம்பர் 26இல் இரண்டையும் இணைத்த பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. கழிமுகத்தில் இப்போது அலையாத்திச் செடிகள் செழித்து நிற்கின்றன. அவற்றின் மூச்சுவேர்களுக்கு நடுவே நண்டுகள். வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். மீன் குஞ்சுகள் அந்த வேருக்குள்தான் வளர்கின்றன, அதனால் அந்தப் பக்கம் யாரும் கை வைக்க விடமாட்டோம் என்றார்.

செவ்வாய் – வட்டக்கோட்டை, கன்னியாகுமரி

குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரானார். அவர் கருங்கல்லில் கட்டிய கோட்டை வட்டக்கோட்டை. சுவர் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலையும் காற்றாலையும். கோட்டைக்குள் வேப்ப நிழலில் மதியம் வரை இருந்தோம், ஆள் நடமாட்டம் குறைவு.

பிறகு முனை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறையில் 1970இல் நினைவு மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1ஆம் தேதி திறந்த வள்ளுவர், கணபதி ஸ்தபதியின் கைவண்ணம். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். மொத்தம் 133. முன்பெல்லாம் கடல் மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30ஆம் தேதி முதல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் இருக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். காலடியில் அலை பாறையில் மோதி வெளுத்துத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். அக்கா மகள் பாலத்தின் வளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் வள்ளுவரின் பாதத்தருகே போய் அந்தக் கால்விரல்களின் அளவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படகு டிக்கெட்டுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள், அல்லது எங்களைப்போல் மதிய உணவு நேரத்தில் வாருங்கள். சூரியன் கடலில் மறைவதை முனையிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான். மற்ற மாதங்களில் அது மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், பலரும் ஏமாந்து போகிறார்கள். இன்று கடலில்தான் இறங்கியது. எங்களுக்குப் பக்கத்தில் வடமாநிலக் குடும்பம் ஒன்று குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

காளிகேசத்துக்கு இந்த முறை போகவில்லை. வனத்துறை அனுமதியைப் பொறுத்தது, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். உலக்கை அருவியும் பாக்கி. ஜூனில் மறுபடி வருகிறேன். பேச்சிப்பாறை மடை திறந்து கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வருவதையும், முப்பந்தல் காற்று முழு வேகத்தில் வீசுவதையும் பார்க்க வேண்டும். அக்கா மகள் அதற்குள் மாத்தூர்த் தொட்டியின் சரிவைக் கணக்கிட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.